பல இழை ஒளிக் கனெக்டர் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனி ஒளியிழைக்கான கனெக்டரை வடிவமைத்துப் பழகியவர்கள், பல ஒளியிழைகளை ஒரே செருகியில் இணைக்கும் எம்.பி.ஓ. போன்ற பல இழைக் கனெக்டரைப் பன்னிரண்டு தனிக் கனெக்டர்களின் அடுக்காகக் கருதிவிடுவதுதான் முதல் தவறு; மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. எஸ்.சி., எல்.சி. என்ற தனி இழைக் கனெக்டர் வகைகளில் இழையின் மையம் சற்று விலகியிருந்தால், இழை முனையைத் தாங்கும் வட்டமான பீங்கான் ஃபெரூலைத் திருப்பி வைத்து ஓரளவு சரிக்கட்டலாம். 1980-களில் ஜப்பானின் தொலைத்தொடர்பு நிறுவனமான என்.டி.டி. உருவாக்கிய, எம்.பி.ஓ.வுக்குள் இருக்கும் எம்.டி. ஃபெரூலில் அதற்கு இடமே இல்லை. ஏறத்தாழ 6.4 மி.மீ. அகலமும் 2.5 மி.மீ. உயரமும் கொண்ட அந்தப் பிளாஸ்டிக் கட்டையில் இழைகள் 0.25 மி.மீ. இடைவெளியில் வரிசையாக நிற்க, இரு ஓரங்களிலும் உள்ள 0.7 மி.மீ. விட்டமுள்ள ஊசி போன்ற பின்களே (pin) அத்தனை இழைகளையும் ஒருசேர நேர்ப்படுத்துகின்றன.

ஆகவே சராசரி ஒளி இழப்பைப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. ஒளி ஒரே முறையில் மட்டும் செல்லும் சாதாரண ஒற்றைமுறை இழையில் மையங்கள் 1 மைக்ரான் விலகினால் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு; 2 மைக்ரான் விலகினால் அது இரு மடங்கன்று, நான்கு மடங்காகி 0.8-ஐத் தொடும். பதினொரு இழைகள் அருமையாக அமைந்தாலும், மோசமான பன்னிரண்டாவது இழைதான் இணைப்பின் கதியைத் தீர்மானிக்கும். தேர்ந்தெடுத்த மாதிரிக் கேபிளோடு மட்டும் சோதிப்பதும் இதே ஏமாற்றுதான்; களத்தில் எந்தக் கேபிள் எதனோடு சேரும் என்று யாரும் பொறுக்கி எடுப்பதில்லை.

உறுதிக்காக ஃபெரூலைக் கனெக்டரின் வெளிக் கூட்டுக்குள் சற்றும் அசையாதபடி (மிதக்க விடாமல்) இறுக்கிப் பிடிப்பது அடுத்த தவறு. நேர்ப்படுத்தும் வேலை பின்களுடையது. வெளிக் கூடும் அதே வேலையில் தலையிட்டால் இரண்டும் மல்லுக்கட்டும். இணைத்தபின் கேபிளை மெல்லப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இழப்பை அளக்கும் மீட்டரைக் கவனித்தால், அளவு ஏறி இறங்குவதிலிருந்தே ஃபெரூல் மிதக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஸ்பிரிங் விசையைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பாலிஷ் செய்தபின் இழை முனைகள் பிளாஸ்டிக் பரப்பிலிருந்து ஓரிரு மைக்ரான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவற்றின் உயரங்கள் துளியும் மாறாமல் அமைவதில்லை என்பதால், எல்லா முனைகளையும் தொடவைப்பது ஸ்பிரிங்கின் அழுத்தமே. தொடாத இழையில் இரு கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே காற்று நின்று, ஏறக்குறைய 0.3 டெசிபெல் இழப்பும் எதிரொளிப்பும் சேரும். 12 இழைகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் விசை போதும். அதே ஸ்பிரிங்கை 24 இழைகளுக்கும் போடுவது சிக்கனமன்று. அங்கே 20 நியூட்டன் வேண்டும், அந்த விசையைத் தாங்கும் கொக்கியும் வெளிக் கூடும் வேண்டும்.

ஒற்றைமுறைக் கனெக்டரின் முகம் வழக்கமாக 8 பாகை சாய்வாக இருக்கும். இரு பக்கமும் சாவி (செருகும் திசையைக் காட்டும் மேடு) மேல்நோக்கி வரும்படி, இரு கனெக்டர்களையும் இணைக்கும் அடாப்டரை அமைத்தால், முகங்கள் ஓர் ஓரத்தில் மட்டும் முட்டி ஆப்பு போன்ற இடைவெளி விட்டு நிற்கும். ஒன்று மேலும் மற்றது கீழுமாக இருக்க வேண்டும். பின்னுள்ளது, பின்னற்றது என்ற ஜோடியும் அப்படித்தான்: இரண்டிலும் பின் இல்லாவிட்டால்கூட அடாப்டரில் கிளிக் என்று உட்கார்ந்துவிடும் என்பதால், பிழை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

தூசியைப் பராமரிப்பவர் பாடு என்று விட்டுவிடுவதும் வடிவமைப்புக் குறைதான். பின் நுழையும் துளையில் ஒளிந்திருக்கும் துகளை, செருகும்போது அந்தப் பின் தானே வெளியே தள்ளி முகத்தில் சேர்த்துவிடும். அந்த முகத்தை அடாப்டர் வழியாகவே துடைக்க நேரும்போது, உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு துடைப்பானின் நாடாவைக் கடைசி இழை வரை போகவிடாமல் தடுத்துவிடலாம். அடாப்டரின் வார்ப்பு அச்சை வெட்டுவதற்கு முன்பே துடைப்பானை மாதிரிக்குள் ஒருமுறை செருகிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.