இருபது மீட்டர் ஓடு, இரண்டு நிமிடம் நில்

கபடி ஆடிவிட்டு ரக்பி பக்கம் வரும் பையன்கள் முதல் நாளே கேட்பது: "அண்ணே, கிரவுண்டை எத்தனை ரவுண்டு அடிக்கணும்?" ஒரு ரவுண்டும் வேண்டாம் என்றால் நம்ப மாட்டார்கள். நாக்குத் தள்ளினால்தான் பயிற்சி என்பது பள்ளிக்கூட பி.டி. பீரியடிலேயே நமக்குள் ஊறிப்போன விஷயம்.

ரக்பி மைதானம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம் வரை இருக்கும். ஆனால் ஆட்டக்காரர் ஓடும் வேகமான ஓட்டங்களில் பெரும்பாலானவை 10, 20 மீட்டர்தான். பாய்வது, மோதுவது, விழுந்து எழுவது, மறுபடி பாய்வது. பாடிப் போனவன் கோட்டைத் தொடத் திரும்பிப் பாய்வானே, அதே பாய்ச்சல். செவன்ஸ் என்ற ரக்பி வகையில் அதே பெரிய மைதானத்தில் அணிக்கு 7 பேர் மட்டும் என்பதால் சந்து கிடைத்தால் 50 மீட்டர்கூட ஓட வேண்டிவரும். தினமும் 5 கிலோமீட்டர் மெதுவோட்டம் போனால் மெதுவாக ஓடத்தான் நன்றாக வரும்.

கீழே இருப்பது 6 வாரத் திட்டம். இரும்பையே தொடாதவர்களுக்கும் பொருந்தும். மூட்டில் பழைய காயமோ நெஞ்சுக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

படி 1: தரை

வைகை மணலில் ஓடினால் வேகம் வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மணல் காலைக் களைக்க வைக்கும், அவ்வளவுதான். பாதம் புதைவதால் தரையை உதைத்து எழும்பப் பழக்கம் வராது. இறுகிய மண் தரையோ புல்லோ போதும், சிமென்ட் வேண்டாம். திருமங்கலம் பக்கம் கரிசலில் ஓடுகிறவர்கள் கோடையில் வெடிப்பு பார்த்து ஓடுங்கள். கணுக்கால் மாட்டினால் சீசன் போச்சு. சித்திரை, வைகாசியில் காலை 6 மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

படி 2: உடம்பைச் சூடாக்குவது

இதைத் தவிர்த்துவிட்டு ஒரு மார்கழிக் காலையில் நேராக முழு வேகம் எடுத்தேன். தொடையின் பின்னால் யாரோ கல்லால் எறிந்தது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஹாம்ஸ்ட்ரிங் தசை கிழிந்திருந்தது. 5 வாரம் மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து ஏறினேன்.

4 நிமிடம் மெல்லோட்டம். பிறகு முழங்கால் உயர்த்தி ஸ்கிப், குதிகால் பின்னால் தட்டுமாறு ஓட்டம், ஒரு காலை நீட்டி முன்னால் வைத்து முழங்கால் மடக்கி இறங்கும் லஞ்ச், கால் வீசுதல், ஒவ்வொன்றும் 20 மீட்டரோ 10 தடவையோ. கடைசியாக 30 மீட்டர் ஓட்டம் மூன்று: பாதி வேகம், முக்கால் வேகம், கிட்டத்தட்ட முழு வேகம்.

படி 3: ஓட்டம்

நின்றுபோன ஷேர் ஆட்டோவைத் தள்ளியிருக்கிறீர்களா? உடம்பு கணுக்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாகச் சாயும், கால் தரையைப் பின்னால் தள்ளும். முதல் 5, 6 எட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். பலர் இடுப்பில் மடங்கிக் குனிகிறார்கள். அது சாய்வு இல்லை, கூன். கண் தரையைப் பார்க்கட்டும், கை முழு வீச்சில் பின்னால் போகட்டும். நிமிர்வது தானாக நடக்கும், அவசரப்படாதீர்கள்.

முதல் 2 வாரம்: 10 மீட்டர் 6 தடவை, 20 மீட்டர் 4 தடவை.
3, 4ஆம் வாரம்: 20 மீட்டர் 4, 30 மீட்டர் 4.
5, 6ஆம் வாரம்: குப்புறப் படுத்திருந்து எழுந்து 10 மீட்டர் 4, பிறகு 30 மீட்டர் 3, 40 மீட்டர் 2.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்பது கணக்கு. 20 மீட்டர் ஓடினால் 2 நிமிடம், 40 ஓடினால் 4 நிமிடம். மூச்சு 30 நொடியில் அடங்கிவிடும். நரம்பும் தசையும் மறுபடி முழு விசை கொடுக்கத்தான் மீதி நேரம். இந்த ஓய்வைச் சுருக்கினால் வேகப் பயிற்சி அப்படியே தம் பயிற்சியாக மாறிவிடும். கிரவுண்டைச் சுற்றி நடக்க வருகிற பெரியவர்கள் "என்னப்பா, சும்மாவே நிக்கிறீங்க?" என்பார்கள். சிரித்துவிட்டு நில்லுங்கள்.

நேரத்தை அளக்க செல்போனை ஓரமாக வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் ஏமாற்றும். அன்றைய சிறந்த நேரத்தைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு நேரம் கூடிவிட்டால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, இரண்டு பாக்கி இருந்தாலும் சரி.

படி 4: பலம்

அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ் 100 மீட்டரை 10.13 நொடியில் ஓடியவர். தடகளத்திலிருந்து செவன்ஸுக்கு வந்து 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். நம்மில் அந்த வேகம் யாருக்கும் கிடையாது. ஆகவே மோதலில் நிற்கப் பலம் வேண்டும்.

எடையை மார்போடு அணைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 3 சுற்று, சுற்றுக்கு 8. முதுகு நேராக இடுப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளிக் குனியும் ருமேனியன் டெட்லிஃப்ட் அதே கணக்கு. தண்டால் 3 சுற்று, 10. குனிந்து எடையை வயிற்றுக்கு இழுப்பது 3 சுற்று, 10. இன்னும் இரண்டு எடுக்கலாம் என்ற தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள். அடுத்த வாரம் 2.5 கிலோ ஏற்றுங்கள்.

ஜிம் இல்லாதவர்களுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு போதும். மணல் நிரப்பினால் ஒன்று 30 கிலோவைத் தாண்டும், பாதியில் தொடங்குங்கள். இரண்டு கையிலும் தூக்கி 20 மீட்டர் நடை, 4 தடவை. பிடியில் துணி சுற்றாவிட்டால் கம்பி உள்ளங்கையை அறுத்துவிடும்.

விடவே கூடாதது ஒன்று உண்டு: முட்டி போட்டு, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை விறைப்பாக வைத்து மெல்ல முன்னால் சாய்ந்து இறங்குவது. நார்டிக் என்பார்கள். ஹாம்ஸ்ட்ரிங் கிழியாமல் காக்க இதைவிட நன்கு சோதிக்கப்பட்ட பயிற்சி இல்லை. முதல் வாரம் 2 சுற்று, 3 தடவை. இரண்டு நாள் வலிக்கும். ஆறாம் வாரம் 3 சுற்று, 5.

கழுத்துக்கும் வேலை கொடுங்கள். உள்ளங்கையால் தலையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அழுத்தி, தலை அசையாமல் 10 நொடி எதிர்த்து நிற்பது.

ஊரில் இளவட்டக்கல் இருக்கிறதே, தூக்கலாமா என்கிறார்கள். ஆசைதான். ஆனால் உருண்டைக் கல் முதுகை வளைக்காமல் வராது. டெட்லிஃப்ட் பழகிய பிறகு பார்க்கலாம். கர்லாக்கட்டை தோளுக்கு நல்லது, இப்போதே சுற்றலாம்.

படி 5: வாரக் கணக்கு

திங்கள் ஓட்டம், செவ்வாய் பலம், புதன் ஓய்வு, வியாழன் ஓட்டம், வெள்ளி பலம். சனி பந்து. ஞாயிறு கறிச்சோறு. ஓட்டம் இரண்டும் ஓய்வு நாளுக்கு மறுநாள் வருவதைக் கவனியுங்கள். கால் புதிதாக இருக்க வேண்டும். முட்டை, சுண்டல், நிலக்கடலை தாராளமாகச் சாப்பிடுங்கள். ஜிகர்தண்டா பயிற்சிக்குப் பிந்தைய பானம் என்று வாதாடும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவருக்கு இன்னும் தொப்பை குறையவில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் முதல் நாள் ஓடிய அதே இடத்தில், அதே ஷூவில் 10 மீட்டரும் 30 மீட்டரும் அளந்து பாருங்கள். 10 குறைந்து 30 குறையவில்லை என்றால் அடுத்த சுற்றில் 40 மீட்டர் ஓட்டங்களைக் கூட்டுங்கள். 10 குறையவே இல்லையென்றால் ஸ்குவாட் எடை ஏறியதா என்று நோட்டைப் புரட்டுங்கள். அதுவும் ஏறியிருந்தால் ஓய்வு நிமிடங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள்.