நல்லுலகைக் கதையாக்க நினைப்பவர்களுக்கு

எல்லோரும் நன்றாக வாழும் ஓர் உலகைக் கதையாக எழுத நினைப்பவர், கம்பராமாயணத்தின் நாட்டுப் படலத்தை முதலில் படித்துவிட வேண்டும். இராமனின் நாடான கோசலத்தில் வறுமை இல்லை, அதனால் வள்ளல் தன்மைக்கு இடமில்லை. பொய் இல்லை, அதனால் உண்மை தனித்துத் தெரிவதில்லை என்கிறார் கம்பர். நம் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. குறைகளை நீக்கினால், அவற்றால் வெளிப்படும் குணங்களும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன.

கொடிய உலகை எழுதுவது எளிது. வெளியே பூட்டிய ஒரு கதவைக் காட்டினால் போதும், வாசகர் பதறுவார். திறந்தே கிடக்கும் கதவுக்கு யார் பதறுவார்?

ஊரைச் சுற்றிக் காட்டும் பாத்திரத்தை நீக்கிவிடுங்கள். கற்பனையான நல்லுலகத் தீவொன்றைச் சொல்லும் தாமஸ் மோரின் 'யுடோப்பியா' (1516) நூல் தொடங்கி, பயணி ஒருவர் பார்த்ததை விவரிப்பதே வழக்கமாகிவிட்டது. அதில் அமைப்பு புரியும், ஆள் தெரியமாட்டார். உர்சுலா லெ குவின் 1974-இல் எழுதிய 'தி டிஸ்பொஸெஸ்ட்' நாவலில், அரசும் சொத்துரிமையும் இல்லாத சமூகம் வறண்ட நிலமொன்றில் வாழ்கிறது. பஞ்சக் காலத்தில் வேலை அழைக்கும் இடத்துக்குப் போய், அன்பான இணையர் பிரிந்திருக்கிறார்கள். அந்தப் பிரிவைப் படித்தபோதுதான் அப்படியொரு சமூகத்தில் வாழலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே வில்லனைத் தேடாதீர்கள். இரண்டு நியாயங்களை மோதவிடுங்கள். உங்கள் ஊரில் ஒரு முதிய மருத்துவச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். இப்போது தொப்புள்கொடியைக் கட்டும்போது அவருடைய விரல்கள் நடுங்குகின்றன. நூல் நழுவுகிறது. பக்கத்தில் நிற்கும் இளையவள் அதைப் பார்த்துவிடுகிறாள். கொடிய உலகென்றால் மேலதிகாரியிடம் சொல்லிவிடுவாள். இங்கே மேலதிகாரியே கிடையாது. தனக்குத் தொழில் கற்றுத்தந்தவரிடம் அவளேதான் சொல்ல வேண்டும். கிழவிக்குச் சோற்றுக்கோ இருப்பிடத்துக்கோ கவலையில்லை. ஆனாலும் அந்த வேலை இல்லாமல் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பசியைத் தீர்த்த பிறகும் மிஞ்சும் இத்தகைய துயரங்கள்தான் நல்லுலகின் கதைப்பொருள்.

அந்த உரையாடலை முதலில் எழுதுங்கள். ஊரின் சட்டதிட்டம், வீடுகளின் அமைப்பு, உணவைப் பகிரும் முறை எல்லாம் அதற்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் உள்ளே வரட்டும். மிச்சம் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும்.