முரட்டுக் குதிரைக்கு எந்தக் கடிவாளம்? மண் பாதைச் சவாரிக்கான செய்முறை விளக்கம்

பெங்களூரில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரைகள் பல சவாரிக்கு வந்துசேர்கின்றன. ஹெசரகட்டா பக்கம் திறந்த மண் பாதையைக் கண்டதும் அவற்றுக்குக் கால் நிற்காது. நாம் கையில் பிடித்திருக்கும் இரண்டு கடிவாள வாரையும் சேர்த்து இழுப்போம். அதுவோ அந்த இழுப்பின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமெடுக்கும். பந்தயப் பயிற்சி அதற்குப் பழக்கியது அதைத்தான். ஆகவே மேலும் வலிக்கும் இரும்பு இதற்கு மருந்தல்ல. இழுத்ததும் புரிய வேண்டும், விட்டதும் முழுதாக விலக வேண்டும். அப்படிப்பட்ட கடிவாளமே வேண்டும்.

கடைக்குப் போகும் முன் மருத்துவரை அழைத்துப் பல்லைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழிக்கும்; அந்த வலியிலேயே பல குதிரைகள் ஓடுகின்றன. சேணத்தையும் பாருங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் தோள் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

அடுத்தது வாயிரும்பு. ஒரு கயிற்றை வாய்க்குள் கொடுத்து இரு உதட்டோரத்திலும் குறித்து அளந்துகொள்ளுங்கள். பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் விட்டால் போதும். என் முதல் தேர்வு இரண்டு மூட்டுள்ள டி-வளைய ஸ்னாஃபிள், அதாவது இருபக்கமும் D வடிவ வளையம் கொண்ட, சங்கிலி இல்லாத எளிய வாயிரும்பு. வளையம் வாய்க்குள் நழுவாது, நீண்ட கம்பிகள் இல்லாததால் தைல மரக் கிளையிலும் சிக்காது. முள் வைத்த இரும்பை யாராவது நீட்டினால் தொடாதீர்கள். 1965ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்கின்றன. தோல் சாமான்களுக்குக் கான்பூர் சரக்கு தாராளமாகப் போதும், தையலை மட்டும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்னாஃபிளுக்கு அடங்காவிட்டால் கிம்பிள்விக், அதாவது தாடைக்கு அடியில் சங்கிலி மாட்டும் வாயிரும்பு. பக்க வளையத்தில் துளை உள்ளதாக வாங்கி, வாரை மேல் துளையில் மாட்டித் தொடங்குங்கள். இதில் எல்லாம் தாடைச் சங்கிலியைப் பொறுத்தது. இங்கே அவசரப்படவே கூடாது. வலப்பக்கக் கொக்கியில் மாட்டியதும் சங்கிலி முறுக்கிக் கிடக்கும். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததன் மேல் தட்டையாகப் படியும் வரை வலமாகத் திருகுங்கள். பிறகுதான் இடக்கொக்கி. தாடைப் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், எந்தக் கண்ணியும் முட்டக் கூடாது. வாரை இழுக்கும்போது பக்க வளையம் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்த பிறகே சங்கிலி இறுக வேண்டும். அதற்கு முன்பே இறுகினால் குதிரைக்கு விடுதலையே கிடைக்காது. ரொம்பத் தளர்ந்தால் சங்கிலி மேலேறி மெல்லிய தாடை எலும்பை நசுக்கும்.

தலையைத் தூக்கி உதறும் குதிரைக்கு ஓடும் மார்ட்டிங்கேல் உதவும்; மார்பு வழியாக வரும் இந்தப் பட்டையின் இரண்டு முனை வளையங்களுக்குள் கடிவாள வார் ஓடும். ஆனால் வாரில் ரப்பர் தடுப்பு இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள். வளையம் முன்னே ஓடி இரும்பில் மாட்டிக்கொண்டால் குதிரை மிரண்டு பின்னங்காலில் எழும். மூக்குப் பட்டையோடு நிலையாகக் கட்டும் வகையை ஏரிக்கரைப் பாதைக்குக் கொண்டுபோகவே கூடாது; நீரில் கால் இடறினால் குதிரையால் தலையைத் தூக்க முடியாது.

கழுத்தில் ஒரு பழைய அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) வாரைக் கட்டிவையுங்கள். குதிரை திடீரென்று பாயும்போது கை அதைப் பிடிக்கும், வாயில் தொங்காது. எனக்கு எல்லாச் சாமான்களிலும் இதுதான் பிடித்தது.

பின்சேர்க்கை: மழைக்காலத்தில் தோல் வார் வழுக்குகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். ரப்பர் உறையிட்ட வாரை வாங்குங்கள். அங்கவடி பூட்ஸைவிட இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்கட்டும். சேறு அப்பிய பூட்ஸ் குறுகிய அங்கவடியில் சிக்கிக்கொள்ளும். எதை மாற்றினாலும் முதல் சவாரி வேலி போட்ட மைதானத்தில்தான். அங்கே நடையிலும் துள்ளு நடையிலும் ஒற்றை வாரில் திருப்பி நிறுத்த முடிந்த பிறகு வெளியே போங்கள்.