மன்னிப்பு கொடுத்தாச்சுன்னா ரெக்கார்டும் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க

ஆலன் டூரிங் கதை நிறைய பேருக்கு தெரியும். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்களோட எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்க உழைச்ச கணித மேதை, 1952ல வீட்டுல திருட்டு போச்சுன்னு அவரே போலீஸ்ல போய் சொல்லப்போக, விசாரணைல அவருக்கு இன்னொரு ஆணோட உறவு இருக்குன்னு தெரிஞ்சு, அப்போ பிரிட்டன்ல அது குற்றம்ங்கறதால கேஸ் அவர் மேலயே திரும்பிடுச்சு. ஜெயிலா ஹார்மோன் ஊசியான்னு கேட்டாங்க, ஊசின்னார். அரசாங்க ரகசிய வேலைக்கான அனுமதியும் போச்சு, 1954ல ஆளே போயிட்டார். அப்புறம் 2013ல ராணி மன்னிப்பு, 2017ல அவரை மாதிரி தண்டனை வாங்கின மத்தவங்களுக்கும் மன்னிப்புன்னு "டூரிங் சட்டம்". நம்ம ஆளுங்க இந்த இடத்துல "எல்லாரையும் மன்னிச்சுட்டாங்க, சுபம்"னு கார்டு போட்டுடறாங்க. பிரிட்டன்ல அந்த பழைய தண்டனையோட இன்னும் உயிரோட இருக்கறவங்களுக்கு சுபம்லாம் ஒண்ணும் தானா வரல, அதுல எங்கெங்க தப்பு பண்றாங்கன்னுதான் எழுதறேன்.

முதல் குழப்பமே தமிழ்லதான் இருக்கு. நமக்கு மன்னிப்பு கேக்கறதும் மன்னிப்பு, கொடுக்கறதும் மன்னிப்பு. டூரிங் விஷயத்துல ரெண்டுமே நடந்துச்சு, 2009ல பிரதமர் கார்டன் பிரவுன் அரசாங்கம் சார்பா மன்னிப்பு கேட்டார், 2013ல ராணி மன்னிப்பு கொடுத்தாங்க, அதாவது "பார்டன்". நடுவுல 2012ல பார்டன் தர முடியாதுன்னு அரசாங்கம் மறுத்ததும் உண்டு, அன்னைக்கு இருந்த சட்டப்படி தண்டனை சரியாத்தான் கொடுத்தாங்கன்னு காரணம் சொன்னாங்க. பார்டன்ல இருக்கற சிக்கலே இதான், நீ தப்பு பண்ணினே, போனா போகுது விடறோம்ங்கற தொனி. 1974ல தண்டனை வாங்கின ஜார்ஜ் மான்டேகுன்னு ஒரு பெரியவர், உங்க பார்டன் எனக்கு வேணாம், நீங்கதான் என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு கடைசி வரைக்கும் நின்னார். எனக்கு அவர் சொன்னதுதான் நியாயம்னு படுது.

சரி, கேக்கறது கொடுக்கறது ரெண்டையும் தாண்டி மூணாவதா ஒண்ணு இருக்கு, நடைமுறைல அதுதான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. அது பேரு "டிஸ்ரிகார்ட்", கணக்குலயே எடுக்காம விடறதுன்னு வெச்சுக்கலாம். 2012ல வந்த சட்டம். ஹோம் ஆபீஸ்க்கு, அதாவது பிரிட்டன் உள்துறை அமைச்சகத்துக்கு அப்ளை பண்ணணும், அவங்க ஓகே சொன்னா அந்த ஆள் அந்த குற்றத்தையே செய்யல, அவர் மேல கேஸே போடலங்கற மாதிரி சட்டம் நடத்தும், எங்கயும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல, போலீஸ் ரெக்கார்டுலயும் மாத்துவாங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல 2017 சட்டப்படி செத்துப்போனவங்களுக்குத்தான் பார்டன் தானா வந்துச்சு. உயிரோட இருக்கறவங்களுக்கு டிஸ்ரிகார்ட் கிடைச்சாத்தான் பார்டன். அப்போ அப்படி உயிரோட இருந்தவங்க சுமார் 15,000 பேர்னு மதிப்பிட்டாங்க. எல்லாருக்கும் தானா கொடுங்கன்னு 2016ல ஒரு எம்பி மசோதா கொண்டுவந்தார், இன்னைக்கும் குற்றமா இருக்கற விஷயத்துல மாட்டினவங்களும் இதுல தப்பிச்சுடுவாங்கன்னு அரசு சொல்லி, மந்திரி ஒருத்தர் நேரம் முடியற வரைக்கும் பேசியே அதை ஓட்டுக்கு வராம பண்ணிட்டார்.

ஸ்காட்லாந்து இன்னும் வேடிக்கை. அங்க 2019 அக்டோபர்லேந்து உயிரோட இருக்கறவங்களுக்கும் பார்டன் தானாவே உண்டு, ஆனா ரெக்கார்டு போகணும்னா தனியா ஸ்காட்லாந்து அரசுகிட்ட அப்ளை பண்ணணும். அதாவது மன்னிக்கப்பட்டவரா இருந்துகிட்டே குற்றவாளி ரெக்கார்டோடயும் ஒருத்தர் இருக்கலாம். வட அயர்லாந்து தண்டனைன்னா அங்க இருக்கற நீதி அமைச்சகத்துக்கு அப்ளை பண்ணணும். லண்டன்ல குடியிருக்கேன், அதனால ஹோம் ஆபீஸ்தான்னு நினைச்சு அனுப்பினா தப்பு, தண்டனை எந்த ஊர்ல கொடுத்தாங்கன்னுதான் பாக்கணும்.

அடுத்து, ஆணோட ஆண் இருந்தா குற்றம்ங்கற சட்டத்தை 1967லயே எடுத்துட்டாங்களே, அதுக்கப்புறம் யாரு மாட்டியிருப்பாங்கங்கற நினைப்பு. 1967 சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ்க்கு மட்டும்தான், அதுவும் ரெண்டு பேருக்கும் 21 வயசு முடிஞ்சிருக்கணும், தனிமைல இருக்கணும், தனிமைன்னா மூணாவது ஆள் இருக்கவே கூடாது. ராணுவத்துக்கு அது பொருந்தாது. ஸ்காட்லாந்துக்கு 1980ல சட்டம் வந்துச்சு, வட அயர்லாந்துக்கு ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் குட்டினப்புறம் 1982. வயசு வரம்பு 1994ல 18, 2001லதான் மத்தவங்க மாதிரி 16. 1998ல கூட இங்கிலாந்துல போல்டன்ங்கற ஊர்ல ஏழு பேருக்கு சொந்த வீட்டுக்குள்ள நடந்ததுக்கு தண்டனை கொடுத்தாங்க. பழைய சட்டத்துல இருந்த "க்ராஸ் இன்டீசன்சி", அதாவது ஆணோட ஆண் செய்யற "ஆபாச செயல்"னு கேஸ் போட்ட பிரிவு, 1885ல வந்தது, 2004ல தான் முழுசா ஒழிஞ்சுது. ஸோ 90கள்ல இருபது வயசுல மாட்டினவருக்கு இன்னைக்கு ஐம்பது சொச்சம்தான் இருக்கும், வேலைக்கு போயிட்டு இருப்பார், இது தாத்தா காலத்து கதை இல்ல.

வேலைக்கு போறவருக்கு என்ன பிரச்சனைன்னா பேக்ரவுண்ட் செக். ஸ்கூல்லயோ முதியோர் இல்லத்துலயோ, சும்மா வாலன்டியரா போனாக்கூட, பாலியல் குற்றம்னு ஒரு வரி வந்து நிக்கும், எந்த வருஷம் என்ன சட்டம்னு யாரு விளக்கம் கேப்பாங்க, அந்த ஒரு வரி போதும். இதுக்கு பயந்து அந்த மாதிரி வேலைக்கு அப்ளையே பண்ணாம விட்டவங்க உண்டு. இன்னொரு தப்பு, கோர்ட்டுக்கு போகல, போலீஸ் "காஷன்", அதாவது எழுத்துல எச்சரிக்கை கொடுத்து அனுப்பிட்டாங்க, அதெல்லாம் கணக்குல வராதுன்னு விடறது. அதுவும் ரெக்கார்டுதான், அதையும் டிஸ்ரிகார்ட் பண்ண சொல்லி கேக்கலாம்.

அப்ளிகேஷனுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல. இப்போ இருக்கற பேரு அட்ரஸோட, தண்டனை வாங்கினப்போ இருந்த பேரு, அட்ரஸ், எந்த கோர்ட், எப்போன்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதணும். நேர்ல கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்க, எழுதி கொடுத்ததையும் பழைய ஃபைலையும் வெச்சுத்தான் முடிவு. அதனால என்ன நடந்துச்சுன்னு உங்க வார்த்தைல எழுத இருக்கற இடத்தை காலியா விட்டுடாதீங்க, பழைய ஃபைல்ல பிரிவு பேரு மட்டும் இருந்து, கூட இருந்தவர் சம்மதிச்சாரா, 16 வயசு முடிஞ்சவரா, எங்க நடந்துச்சுன்னு ஒண்ணும் இல்லாம இருக்கலாம், அவங்க பாக்கறது அதைத்தான். இன்னைக்கும் குற்றமா இருக்கறதுக்கு கிடைக்காது. முக்கியமா பொது கழிப்பறை, அங்க நடந்தா அது 2003ல வந்த பாலியல் குற்றச் சட்டத்துலயும் குற்றம்தான், அன்னைக்கு போலீஸ் மஃப்டில ஆளை நிறுத்தி வலை விரிச்ச இடமும் அதேதான், அதனால இந்த விதி நிறைய பேரை வெளியவே நிறுத்திடுது. மறுத்தா ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம்.

முன்னாடியே மறுத்துட்டாங்க, அவ்ளோதான்னு ஃபைலை மூடி வெச்சவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். முன்னாடி சில பிரிவுகளுக்கு மட்டும்தான் டிஸ்ரிகார்ட் இருந்துச்சு, தெருவுல இன்னொரு ஆணை பாத்து சிரிச்சதுக்கு, பேச்சு கொடுத்ததுக்கு "உறவுக்கு அழைச்சான்"னு போட்ட கேஸெல்லாம் அதுல வரல. 2023 ஜூன்லேந்து அதையும், ராணுவ தண்டனைகளையும் சேர்த்து வரம்பை பெருசாக்கிட்டாங்க. மறுபடி அப்ளை பண்ணிப் பாக்கலாம்.

காசு வரும்னு எதிர்பாக்கறதும் நடக்குது, அது ஜெர்மனி செய்தியை படிச்சுட்டு வர்ற குழப்பம். அங்க நாஜிங்க 1935ல கடுமையாக்கின, ஆணோட ஆண் உறவை குற்றமாக்கற 175வது பிரிவை மேற்கு ஜெர்மனி 1969 வரைக்கும் அப்படியே வெச்சிருந்துச்சு, மொத்தமா எடுத்தது 1994ல. 2017ல தீர்ப்புகளையே ரத்து பண்ணி, ஒரு தண்டனைக்கு 3,000 யூரோ, ஜெயில்ல இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 1,500 யூரோன்னு கொடுத்தாங்க. பிரிட்டன்ல டிஸ்ரிகார்டுக்கு பைசா கிடையாது. ராணுவத்துலேந்து துரத்தப்பட்டவங்களுக்கு மட்டும் தனி திட்டம், 50,000 பவுண்டுன்னு 2024 டிசம்பர்ல அறிவிச்சாங்க.

டிஸ்ரிகார்ட் கையில வந்தப்புறமும் ஒரு இடத்துல ஜாக்கிரதை, வெளிநாட்டு விசா. அமெரிக்க விசா ஃபார்ம்ல பொதுமன்னிப்பு, பார்டன் எது கிடைச்சிருந்தாலும் பரவால்ல, எப்பவாவது கைதாகியிருக்கியா தண்டனை வாங்கியிருக்கியான்னுதான் கேள்வியே. பிரிட்டன் சட்டம் அமெரிக்காவை கட்டுப்படுத்தாது, "இல்ல"ன்னு டிக் பண்றதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீலை பாத்துடுங்க.

நம்ம ஊர்லன்னு கேப்பீங்க. இந்திய தண்டனைச் சட்டத்துல இருந்த 377வது பிரிவும் அதே பிரிட்டிஷ்காரன் 1860கள்ல வெச்சுட்டு போனதுதான். 2018 செப்டம்பர் 6ல சுப்ரீம் கோர்ட் அதுல வயசு வந்தவங்க சம்மதத்தோட இருக்கறது குற்றமில்லன்னு சொன்னதை கொண்டாடினோம், அதே தீர்ப்புல நடந்துகிட்டு இருக்கற கேஸுக்கு இது பொருந்தும், முடிஞ்சுபோன கேஸை மறுபடி திறக்க முடியாதுன்னும் ஒரு வரி இருக்கு. அந்த முடிஞ்சுபோன கேஸ்காரங்க எந்த ஆபீஸ்ல எந்த ஃபார்மை கொடுக்கணும்னா, இந்தியால அப்படி ஒரு ஃபார்மே கிடையாது.