எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள்? கேமரா சென்சாரின் பிக்சல் பரப்பை ஆவணப்படுத்துவது எப்படி

நிலம் அளக்க வரும் சர்வேயர் டேப்பை விரிப்பதற்கு முன் எல்லைக்கல்லைத்தான் தேடுவார். கல் தெரியாமல் எடுத்த அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் செல்லாது. கேமரா சென்சாரிலும் கதை இதுவேதான். எட்டு பிக்சல் தவறிப்போய் இரண்டு மாலை நேரங்களைத் தொலைத்த பிறகு எனக்குப் புரிந்தது இது.

நடந்தது இவ்வளவுதான். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் அதன் கேமரா மாட்யூல் 2-ஐப் பொருத்தி, மேசைமேல் கிடக்கும் நாணயங்களின் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன வேலை. முழுப் படத்தில் லென்ஸை அளவீடு செய்து வைத்திருந்தேன். பிறகு வேகத்துக்காக 1080 வீடியோவுக்கு மாறினேன். கணக்கெல்லாம் சரி, ஆனால் எல்லா நாணயமும் ஒரே பக்கமாகத் தள்ளி நின்றது. சென்சாரை இயக்கும் டிரைவர் சொன்ன எண்ணும், அதற்கு மேலே நின்று கேமராவை நடத்தும் லிப்கேமரா என்ற மென்பொருள் சொன்ன எண்ணும் வேறு வேறு மூலையிலிருந்து அளக்கப்பட்டவை என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஆகவே அந்தக் கேமராவையே எடுத்துக்கொண்டு, அதன் பிக்சல் பரப்பு மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுவோம். உள்ளே இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்219, 8 மெகாபிக்சல் சென்சார். மாட்யூல் வெளிவந்தது 2016-ல். பழசுதான், ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்லது கிடைக்காது. டிரைவரின் மூலநிரல் லினக்ஸ் கெர்னலிலேயே திறந்து கிடக்கிறது. கட்டளைப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: தாளில் நாலு பெட்டி

கணினியைத் தொடாதீர்கள். ஒரு தாளில் பெரிய செவ்வகம் வரையுங்கள். அதுதான் சென்சாரில் உள்ள பிக்சல்களின் முழு மனை. வீட்டு மனை எல்லாவற்றிலும் சுவர் எழுப்ப முடியாதல்லவா, அதுபோல இந்த மனையிலும் ஓரத்தில் கொஞ்சம் விடுவார்கள். அதற்கு உள்ளே இன்னொரு செவ்வகம்: படம் எடுக்கப் பயன்படும் பரப்பு. அதற்கும் உள்ளே மூன்றாவது: இப்போது ஓடும் மோடில் (சென்சார் படம் தரும் முறைகளில் ஒன்று) உண்மையிலேயே படிக்கப்படும் பரப்பு. நாலாவது பெட்டியைத் தனியாகப் பக்கத்தில் வரையுங்கள்: கடைசியில் உங்கள் கைக்கு வரும் படம். அது தனியாக இருக்கக் காரணம், வழியில் அது சுருங்கியிருக்கலாம்.

சில சென்சார்களில் ஓரத்து வரிசைகளை ஒளி படாமல் உலோகத்தால் மூடியிருப்பார்கள். ஒளியே இல்லாதபோதும் பிக்சல் ஒரு சிறு எண்ணைத் தரும். சூடு ஏறினால் அதுவும் ஏறும். மூடிய பிக்சலைப் பார்த்து கறுப்பு என்றால் எவ்வளவு என்று தெரிந்துகொள்வார்கள். ஐஎம்எக்ஸ்219-க்கு ராஸ்பெரி பையின் டியூனிங் கோப்பு (படத்தைச் சீராக்கும் அமைப்புகள்) வைத்திருக்கும் கறுப்பு அளவு, 10 பிட் கணக்கில், அதாவது 0 முதல் 1023 வரையில், 64. அதாவது இருட்டில் எடுத்தாலும் பூஜ்யம் வராது.

இரண்டாம் படி: டிரைவரைக் கேளுங்கள்

லினக்ஸில் கேமராவோடு பேசும் அடுக்கு வி4எல்2. அதில் செவ்வகங்களைக் கேட்க நமக்கு வேண்டிய பெயர்கள் நான்கு: நேட்டிவ் சைஸ், கிராப் பவுண்ட்ஸ், கிராப் டிஃபால்ட், கிராப். முதலாவது முழு மனை. இரண்டாவது, வெட்டும் செவ்வகம் எதுவானாலும் அடங்க வேண்டிய எல்லை. மூன்றாவது, கறுப்புப் பிக்சல் போன்றவற்றை விட்டுவிட்டு நல்ல பிக்சல்கள் மட்டும் உள்ள பரப்பு. நான்காவது, இப்போது நடப்பில் உள்ள வெட்டு.

வி4எல்2-சிடிஎல் கருவியில், சென்சாரின் சப்-டிவைஸ் கோப்பை (டிரைவரோடு பேசும் வாசல்) கொடுத்து, கெட்-சப்டெவ்-செலக்‌ஷன் என்ற விருப்பத்தில் பேட் (இணைப்பு முனை) 0 என்றும், டார்கெட் என்ற இடத்தில் மேற்படி பெயர்களில் ஒன்றையும் தாருங்கள். பெயரில் இரண்டு சொல் இருந்தால் நடுவே அடிக்கோடு. நான்கு முறை கேளுங்கள், பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேட்டிவ் சைஸ்: (0, 0)-ல் தொடங்கி 3296 × 2480. கிராப் பவுண்ட்ஸ், கிராப் டிஃபால்ட் இரண்டும் ஒன்றே: (8, 8)-ல் தொடங்கி 3280 × 2464. கிராப் மட்டும் மோடுக்கு மோடு மாறும். 1920 × 1080 மோடில் அது (688, 700)-ல் தொடங்கி 1920 × 1080.

இந்த எண்கள் எல்லாமே முழு மனையின் மேல் இடது மூலையிலிருந்து அளக்கப்பட்டவை. இந்த ஒரு வரியைத் தாளின் உச்சியில் பெரிதாக எழுதுங்கள்.

மூன்றாம் படி: லிப்கேமராவைக் கேளுங்கள்

ஆர்பிஐகேம்-ஹலோ கட்டளையோடு லிஸ்ட்-கேமராஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் மோடுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கிராப் இருக்கும்:

640 × 480: (1000, 752), 1280 × 960
1640 × 1232: (0, 0), 3280 × 2464
1920 × 1080: (680, 692), 1920 × 1080
3280 × 2464: (0, 0), 3280 × 2464

பார்த்தீர்களா? டிரைவர் 688, 700 என்றது. இது 680, 692 என்கிறது. இரண்டிலும் எட்டு குறைவு. என் நாணயங்களைத் தள்ளிவைத்த எட்டு இதுதான்.

பிழை யாருடையதும் இல்லை. லிப்கேமரா தன் கல்லை மாற்றி நட்டிருக்கிறது. டிரைவர் தந்த கிராப்பிலிருந்து கிராப் டிஃபால்ட்டின் தொடக்கத்தைக் கழித்துவிட்டு, நல்ல பிக்சல் பரப்பின் மூலையையே (0, 0) என்று வைத்துக்கொள்கிறது. சென்சாரின் ரெஜிஸ்டர்களை, அதாவது சிப்புக்குள் அமைப்பு எண்கள் எழுதப்படும் இடங்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1080 மோடுக்கு டிரைவர் சென்சாருக்குள் எழுதும் தொடக்க எண்கள் 680, 692; முடிவு எண்கள் 2599, 1771. ஆக சிப்பும் லிப்கேமராவும் ஒரு கல், இடையில் நிற்கும் டிரைவர் வேறு கல்!

அந்த முடிவு எண்களையும் கவனியுங்கள். 2599-லிருந்து 680-ஐக் கழித்தால் 1919. அகலம் 1920. கடைசிப் பிக்சலும் கணக்கில் சேர்ந்தது, அதனால் ஒன்று கூட்ட வேண்டும். ஆவணத்தில் ‘முடிவு’ என்று எழுதினால் அது உள்ளடங்கியதா இல்லையா என்று சேர்த்து எழுதுங்கள். என்னைக் கேட்டால் முடிவையே எழுதாமல் அகலம், உயரம் என்று எழுதுவது நல்லது.

நான்காம் படி: பைத்தானில் ஒரு முரண்பாடு

லிப்கேமராவைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைகேமரா2-வைத் திறந்து, கேமரா ப்ராபர்ட்டீஸ் என்ற அகராதியை அச்சிடுங்கள். அதில் யூனிட் செல் சைஸ் 1120, 1120 என்று இருக்கும். இது நானோமீட்டர், ஒரு பிக்சலின் பக்கம் 1.12 மைக்ரான். 3280-ஆல் பெருக்கினால் படப்பரப்பு சுமார் 3.67 மில்லிமீட்டர் அகலம். அரிசியை நீளவாக்கில் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் பிக்சல் அரே சைஸ்: 3280 × 2464. பிக்சல் அரே ஆக்டிவ் ஏரியாஸ்: (8, 8, 3280, 2464).

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 3280 அகல மனையில், 8-ல் தொடங்கி 3280 அகலமுள்ள கட்டிடம் எப்படி நிற்கும்? 3288-ல் போய் முடியுமே, சுவர் பக்கத்து மனையில் அல்லவா இருக்கும்! நான் பார்த்த பதிப்பில் காரணம் இதுதான்: மனையின் அளவு கிராப் பவுண்ட்ஸிலிருந்து வருகிறது, கட்டிடத்தின் அளவு கிராப் டிஃபால்ட்டிலிருந்து வருகிறது. இந்த டிரைவரில் இரண்டும் ஒன்றே. அளவை எடுத்தவர்கள் தொடக்கத்தை எடுக்கவில்லை; அந்த 8 மட்டும் பழைய கல்லை நம்பி நிற்கிறது.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஆவணத்தில் மறைக்காதீர்கள், ‘சரிசெய்து’ எழுதவும் செய்யாதீர்கள். கருவி சொன்னது இது, அது இந்த மூலையைக் குறிக்கிறது என்று இரண்டையும் எழுதுங்கள். நாளைக்குப் படிப்பவர் அதே எண்ணைத் தன் திரையில் பார்த்துக் குழம்பும்போது அவருக்கு வேண்டியது அந்த வரிதான். ஆக்டிவ் ஏரியாஸ் என்று பன்மையில் இருப்பதற்கும் காரணம் உண்டு: சில சென்சார்களில் 4:3-க்கு ஒன்று, 16:9-க்கு ஒன்று என்று சிலுவை போல ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்புகள் இருக்கலாம். நம் சென்சாரில் ஒன்றே ஒன்று.

மூடிய கறுப்புப் பிக்சல்களுக்கும் லிப்கேமராவில் தனிப் பண்பு உண்டு. இந்த டிரைவர் அதைத் தருவதில்லை. ஓரத்து எட்டு பிக்சலைப் பார்த்து ‘இதுதான் கறுப்புப் பகுதி’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். ‘டிரைவர் தரவில்லை’ என்பதோடு நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: சுருக்கமா, வெட்டா

மோடு பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 1640 × 1232-ம் 1920 × 1080-ம் ஒரே மாதிரி சின்னப் படங்கள் போலத் தெரியும். ஆனால் முதலாவது முழுப் பரப்பையும் படித்து, இரண்டுக்கு இரண்டு பிக்சலைச் சேர்த்துச் சுருக்குகிறது. பார்வைக் கோணம் குறையாது. இரண்டாவது சுருக்குவதே இல்லை. நடுவில் ஒரு துண்டை வெட்டுகிறது. அகலத்தில் 58 சதவீதம் சொச்சம்தான் மிஞ்சும். இந்த மாட்யூலின் 62.2 பாகைக் கிடைமட்டக் கோணம் சுமார் 39 பாகையாகிவிடும். ‘வீடியோ எடுத்தால் ஏன் ஜூம் ஆகிறது’ என்று கேட்பவர்களுக்கு விடை இது. 640 × 480 இரண்டையும் செய்கிறது: 1280 × 960 வெட்டி, அதைப் பாதியாக்குகிறது.

அதனால் கிராப் எண்கள் சுருக்குவதற்கு முந்தைய பிக்சல் கணக்கு என்று எழுதியே ஆக வேண்டும். லென்ஸின் மையம் முழுப் படத்தில் 1652-ஆம் பத்தியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1080 மோடில் 1652 − 680 = 972. 640 மோடில் 1000-ஐக் கழித்து, பிறகு பாதி: 326. (அரை பிக்சல் திருத்தம் வேறு உண்டு, அதை இப்போதைக்கு விடுங்கள்.) நான் 680-க்குப் பதில் 688-ஐக் கழித்தேன். மீதிக் கதை தெரியும்.

ஆறாம் படி: எழுதுங்கள்

இவ்வளவும் கையில் இருந்தால் ஆவணம் அரைப் பக்கம்தான். என் கோப்பில் இருப்பது இது:

‘எல்லா எண்ணும் பிக்சலில், சுருக்குவதற்கு முன். வரிசை: இடது, மேல், அகலம், உயரம். மூலை அ: முழு மனையின் மேல் இடது, 3296 × 2480. மூலை ஆ: நல்ல பரப்பின் மேல் இடது; அ-விலிருந்து (8, 8). வி4எல்2 எண்கள் அ-விலிருந்து. லிப்கேமராவின் மோடு வெட்டுகள் ஆ-விலிருந்து. ஆக்டிவ் ஏரியாஸ் எண்கள் அ-விலிருந்து. கறுப்புப் பகுதி: டிரைவர் தரவில்லை.’

வரிசையை எழுதச் சொன்னதில் காரணம் இருக்கிறது. சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் டிஎன்ஜி கோப்பில் உள்ள ஆக்டிவ் ஏரியா குறிச்சொல்லின் வரிசை மேல், இடது, கீழ், வலது. இரண்டுமே நான்கு எண்கள். மாற்றிப் போட்டால் எந்தக் கருவியும் கத்தாது.

இன்னொரு வரியும் சேருங்கள்: நிற வரிசை, அதாவது பிக்சல்களின் மேல் நிற வடிகட்டிகள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பது. பட்டியலில் இந்தச் சென்சார் சிவப்பு-பச்சை, பச்சை-நீலம் என்று தொடங்கும். ஓட்டும்போது வரும் பதிவிலோ நீலம் முதலில் நிற்கும். பயப்பட வேண்டாம், மாட்யூல் 180 பாகை திரும்பியிருப்பதாக இயல்பு அமைப்பு சொல்கிறது, படத்தை நிமிர்த்த சென்சாரே இரண்டு பக்கமும் புரட்டிப் படிக்கிறது. வெட்டின் தொடக்கத்தை ஒற்றைப்படை எண்ணால் நகர்த்தினாலும் இதே போல நிறம் மாறும்.

ஏழாம் படி: படம் எடுத்துச் சரிபாருங்கள்

கேமராவை அசையாமல் நிறுத்தி, எதிரே செய்தித்தாள் பக்கம் ஒன்றை ஒட்டுங்கள். முழு மோடில் ஒரு படம். பிறகு ஆர்பிஐகேம்-ஸ்டில் கட்டளையில் மோட் விருப்பத்துக்கு 1920, 1080, 10 (பிட்), பி (நெருக்கி அடுக்கிய தரவு) என நான்கையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்து, அகல உயரத்தையும் 1920, 1080 என்று வைத்து இன்னொரு படம். முதல் படத்தில் (680, 692)-லிருந்து 1920 × 1080 வெட்டி, இரண்டாவதன்மேல் வையுங்கள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். (688, 700)-லிருந்து வெட்டிப் பாருங்கள், எழுத்துகளுக்கு நிழல் விழும்.

புரட்டிப் படித்தும் இது எப்படிப் பொருந்துகிறது? மிச்சம் இரு பக்கமும் சமம் என்பதால்: 3280-லிருந்து 1920 போக மீதி 1360, அதில் பாதி 680. முழு மனையிலும் அப்படியே. 16-ல் பாதி 8. அடடா, கேட்கவே வேண்டாம், பாதியாக்கினால் போதும் என்று தோன்றுகிறதா? ராஸ்பெரி பையின் இன்னொரு கேமராவான ஹெச்க்யூ கேமராவின் சென்சார் ஐஎம்எக்ஸ்477-ஐ எடுங்கள். அதன் டிரைவரில் முழு மனை 4072 × 3176, நல்ல பரப்பு 4056 × 3040. அகலத்தில் பாதி 8, சரி. உயரத்தில் பாதி 68 வரும். டிரைவரைக் கேட்டால் (8, 16) என்கிறது.