டேர்ன்டேபிளுக்கு நல்ல காட்ரிஜ் எடுக்கிறது எப்பிடி

காட்ரிஜ் எண்டா இசைத்தட்டில ஓடுற ஊசியைப் பிடிச்சு, அதின்ர அசைவைச் சிக்னலாக்கிற சின்னப் பகுதி. முதல்ல உங்கட ஆம்ப்ளிபயரைப் பாருங்கோ, சாதாரண போனோ இன்புட் (டேர்ன்டேபிள் வயர் பூட்டுற இடம்) எண்டா மூவிங் மேக்னட் (உள்ளுக்க காந்தம் அசையிற வகை) தான் சரிவரும், அது 4 மில்லிவோல்ட் அளவில சிக்னல் தரும், மூவிங் கொயில் (கம்பிச்சுருள் அசையிற வகை) அநேகமா அதில பத்திலொரு பங்குதான், அதுக்குச் சிக்னலைக் கூட்டுற வேற பிரீஆம்ப் வேணும்.

என்ர விருப்பம் ஓடியோ டெக்னிக்கா விஎம்95இ எண்ட மூவிங் மேக்னட் காட்ரிஜ். பிறகு காசு சேர ஊசியை மட்டும் கழட்டி மைக்ரோலீனியர் (நுனி இன்னும் நுணுக்கமான ஊசி) போடலாம். கிளிநொச்சிப் பக்கம் கோடையில புழுதி தட்டில படிஞ்சு ஊசியைக் கெதியாத் தேய்ச்சுப்போடும், அதால ஊசி மாத்தக்கூடியதாப் பாத்து எடுக்கிறது முக்கியம். இந்தக் காட்ரிஜில ஊசி தட்டை அமத்துற பாரம் 2 கிராம், சின்னத் தராசில நிறுத்து வையுங்கோ, குறைஞ்சா ஊசி துள்ளித் தட்டைக் கெடுக்கும்.

அப்பப்பாட பழைய 78 தட்டு (நிமிசத்துக்கு 78 தரம் சுத்துறது) இருந்தா இந்த ஊசி போடவே வேண்டாம், அதின்ர பள்ளம் அகலம், 3 மில் (அங்குலத்தில ஆயிரத்தில 3 பங்கு) நுனி உள்ள ஊசி தனியா எடுக்கோணும்.