கறுத்ததும் மஞ்சளும் ஒரே வண்டுதான்: பொறிவண்டில நாங்கள் விடுற பிழைகள்

பயித்தங்காய்ப் பந்தலில கறுப்பு அழுக்கணவன் (சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி) அப்பினால் கொஞ்ச நாளில ஒரு குட்டி வண்டு வந்து நிக்கும், மிளகளவு, நல்ல மினுக்கம், முதுகில கறுப்புக்கோடு நெளிஞ்சு நெளிஞ்சு போகும். அதுதான் ஆறுபுள்ளிப் பொறிவண்டு, எங்கட ஊர்ச்சாமான், ஒருத்தரும் வெளியால இருந்து கொண்டுவந்து விட்டதில்லை.

பெயரைப் பாத்திட்டு ஆறு புள்ளியைத் தேடாதேங்கோ. 1781ல டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் வைச்ச லத்தீன் பெயரும் ஆறு புள்ளி எண்டுதான் சொல்லுது, ஆனா சிலதில புள்ளியெல்லாம் ஒட்டிக் கோடாப் போயிருக்கும், சிலது மஞ்சள், சிலது செம்மஞ்சள், சிலது முழுக்கக் கறுத்து அங்கங்க மட்டும் செம்மஞ்சள் தெரியும். எல்லாம் ஒரே இனம், பரம்பரையால வாற நிறம். எங்கட வேலியோர எருக்கலையில கறுத்ததும் மஞ்சளும் சோடி சேர்ந்து நிண்டதை நானே பாத்தனான், பிறகென்ன சாட்சி வேணும்? புள்ளியை எண்ணி வயசு சொல்லுறதும் சும்மா கதை. கூட்டுப்புழுவில இருந்து வந்த உடன புள்ளியே இல்லாமல் வெளிர்மஞ்சளா மெத்தெண்டு இருக்கும், சில மணித்தியாலத்தில நிறம் ஏறிடும், அதுக்குப் பிறகு புள்ளி கூடாது.

பெரிய பிழை குஞ்சில தான். புழு கறுப்பா, மஞ்சள் வெள்ளைப் பொட்டோட, குட்டி முதலை மாதிரி ஆறு காலில ஓடித்திரியும், பாத்த உடன ஏதோ விசப்பூச்சி எண்டு மருந்தடிச்சுப் போடுறம். நானும் எத்தினையை விரலால நசிச்சிருப்பன், இப்ப நினைச்சால் விசராக் கிடக்கு, ஏனெண்டால் தாயைப்போல அதுவும் அழுக்கணவனைத்தான் தின்னுது. இலைக்கடியில மஞ்சளா நிமிந்து நிக்கிற முட்டைக்கூட்டத்தையும் துடைச்சு எறியாதேங்கோ. ஆனா இரை இல்லாட்டி தன்ர இனத்தின்ர முட்டையையே தின்னுற சாதி, அதால போத்திலில ஒண்டா அடைச்சு வைக்க வேண்டாம். பிடிச்சால் கால்மூட்டால மஞ்சள் நீர் கக்கும், மணக்கும், கையைக் கழுவினால் சரி.

கத்தரியில, பாகலில நிக்கிறது வேற ஆள். கொஞ்சம் பெரிசு, மினுக்கமில்லை, மெல்லிய மயிர், 28 புள்ளிக்காரன், புழுவும் மஞ்சளா முள்ளு முள்ளா இருக்கும், இலையைச் சுரண்டி வலையாக்கும். உதைப் பிடிச்சு நசிக்கலாம், பாவமே பாக்க வேண்டாம்.

இன்னொண்டு, வண்டு வந்தும் அழுக்கணவன் குறையேல்லையெண்டால் எறும்பைப் பாருங்கோ. அழுக்கணவன் விடுற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து வண்டைக் கலைச்சு விடும். நான் பந்தல் காலடியைச் சுத்திச் சாம்பல் போடுறனான், மழை பெய்தால் திரும்பவும் போடவேணும்.